கடாரத்துக் கடலோரத்தில் ஒரு கோல்ஃப் கணக்கு

திருச்சி விமான நிலையத்தில் என் கோல்ஃப் பையைத் திறக்கச் சொன்ன பாதுகாப்புக் காவலர், உள்ளே இருந்த பதினான்கு மட்டைகளின் தலையிலும் அரக்குச் சிவப்பில் கட்டம் போட்ட கண்டாங்கிச் சேலைத் துணி சுற்றிச் சணலால் கட்டியிருப்பதைக் கண்டு, "ஐயா, இது ஏதும் சாமிக்கு நேர்ந்துகொண்டதா?" என்று மிகுந்த மரியாதையோடு கேட்டார். நேர்த்திக்கடன் இல்லை, எங்கள் வீட்டு ஆச்சியின், அதாவது என் மனைவியின், கைவேலை என்று விளக்கினேன். அவர் ஒரு முடிச்சை அவிழ்த்துப் பார்த்தார். உள்ளே இரும்புத் தலை தெரிந்ததும் சிரித்துக்கொண்டே மறுபடியும் தாமே கட்டிக் கொடுத்தார்.

அந்தச் சேலைத் துணிக்கு ஒரு காரணம் உண்டு. மூன்று ஆண்டுகளுக்கு முன் தாய்லாந்துக்குப் போனபோது, மட்டைகளை வெறுமனே பைக்குள் போட்டு, மேலே ஒரு மெல்லிய உறையை மாட்டி விமானத்தில் ஏற்றிவிட்டேன். இறங்கிப் பார்த்தால் பையில் மிக நீளமான மட்டையான டிரைவர், கழுத்தோடு ஒடிந்து இரண்டு துண்டாகக் கிடந்தது. விமான நிறுவனத்துக்கு நான்கு மின்னஞ்சல் எழுதினேன். கெட்டிப்பெட்டியில் வைக்காத விளையாட்டுச் சாமானுக்குத் தாங்கள் பொறுப்பில்லை என்று ஐந்து வாரம் கழித்து இரண்டு வரியில் பதில் வந்தது. சினம் வந்தாலும், கட்டணச் சீட்டின் பின்பக்கப் பொடியெழுத்தில் அது அப்படியே இருந்ததால், வாயை மூடிக்கொண்டேன். ஆகவே வெளிநாட்டுக்கு மட்டை கொண்டுபோக நினைப்பவர்களுக்கு முதல் செய்தி இதுதான்: டிரைவரைவிட ஒரு சாண் உயரமான கோல் ஒன்றைப் பையின் நடுவே நிறுத்திவையுங்கள். பை தலைகீழாக விழுந்தாலும் அடி அந்தக் கோலின் மீது விழும், மட்டை தப்பிக்கும். அதற்கென்று கடையில் விற்கிறார்கள். நான் ஒட்டடைக் கம்பின் பிடியை அளவாக அறுத்துச் செருகியிருக்கிறேன்.

சென்னையில் ஒரு வங்கியில் முப்பத்து நான்கு ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஐம்பத்திரண்டு வயதில், ஒரு வாடிக்கையாளரின் வற்புறுத்தலால், காஸ்மோபாலிட்டன் கிளப்பின் நந்தனம் மைதானத்தில் முதன்முதலாக மட்டையைத் தொட்டேன். ஓய்வுக்குப் பின் கானாடுகாத்தானில் எங்கள் பங்குக்கு வந்த வீட்டுப் பத்தியைச் செப்பனிட்டுக்கொண்டு ஊரோடு வந்துவிட்டோம். இங்கே கோல்ஃப் ஏது? கோடையில் கண்மாய் வற்றிவிடும். விடியற்காலை ஐந்தரைக்கு அந்தப் பொட்டலில் நின்று, சீமைக்கருவேல மரம் ஒன்றைக் குறியாக வைத்து நாற்பது ஐம்பது பந்துகளை அடிப்பேன். ஆடு மேய்க்க வரும் பையன்கள் அவற்றைப் பொறுக்கி வந்து கொடுப்பார்கள். செம்மண்ணில் உருண்டு உருண்டு வெள்ளைப் பந்துகளெல்லாம் சாதிக்காய் நிறத்துக்கு வந்துவிட்டன. ஒரு பந்தை எடுத்துப் பார்த்த என் பேரன், "ஐயா, இது வெந்த பந்தா?" என்று கேட்டான்.

அப்படிப் பழகுகிறவனுக்குக் கடலோரப் பச்சைப் புல்லில் நடந்து விளையாட வேண்டும் என்ற ஆசை எழுவதில் வியப்பில்லை. காவிரிப்பூம்பட்டினத்தில் கடல் பொங்கியதால்தான் நகரத்தார்களான நம் முன்னோர்கள் உள்நாட்டுக்கு வந்தார்கள் என்றும், வீட்டுத் திண்ணையை அத்தனை உயரமாகக் கட்டுவதே அந்தப் பயத்தால்தான் என்றும் எங்கள் அப்பத்தா சொல்லுவார். தேவகோட்டையிலிருந்து தொண்டிக் கடல் ஒரு மணி நேரத்துத் தொலைவுதான், ஆனாலும் குளிக்கப் போகிறவர் எங்களில் குறைவு. கடலைத் தாண்டிக் கொண்டுவிற்க, அதாவது வணிகம் செய்ய, போனவர்கள் உண்டு. விளையாடப் போனவர்களை நான் அறிந்தவரை எங்கள் வளவில் யாரும் கேள்விப்பட்டதில்லை.

இம்முறை மூன்று பேர் ஆடினோம்: நான், தேவகோட்டையில் இருக்கும் சித்தப்பா மகனான என் தம்பி, என் சம்பந்தி. மகளைக் கொடுத்த வீட்டு மாமனாரோடு கோல்ஃப் ஆடுவது எவ்வளவு நுட்பமான காரியம் என்பதைப் பின்னால் சொல்கிறேன். இரண்டு ஆச்சிமார்களும் உடன் வந்தார்கள்.

இடத்தைத் தேர்வதில் பெரும்பாலோர் செய்யும் பிழை, மைதானத்தின் படத்தைப் பார்த்து முடிவு செய்வதுதான். முதலில் பார்க்க வேண்டியது மழை. வெப்பமண்டலக் கடற்கரை எல்லாவற்றுக்கும் ஒரே பருவம் கிடையாது. மலேசியாவுக்குள்ளேயே மேற்குக் கரையும் கிழக்குக் கரையும் எதிரெதிர். நவம்பர் முதல் பிப்ரவரி வரை வடகிழக்குப் பருவக்காற்று கிழக்குக் கரையை அடித்து நனைக்கும்போது, வடமேற்கு மூலையில் உள்ள லங்காவி காய்ந்து தெளிந்திருக்கும். லங்காவியில் செப்டம்பரும் அக்டோபரும்தான் கனமழை. தாய்லாந்தின் ஹுவா ஹின்னுக்கு நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை நல்ல காலம். வியத்நாமின் டா நாங் பகுதியில் கிரெக் நார்மன் வடிவமைத்த மணல்மேட்டு மைதானம் போல நல்லவை சில உண்டு, ஆனால் செப்டம்பர் முதல் டிசம்பர் வரை அங்கே புயலும் வெள்ளமும். பாலித் தீவுக்கு நவம்பர் முதல் மார்ச் வரை மழை. மொரீஷியஸ் பூமத்தியரேகைக்குத் தெற்கே இருப்பதால் நம் கோடை விடுமுறையின்போது அங்கே இதமான குளிர்காலம் தொடங்குகிறது. அங்கே படகில் ஏறித்தான் போய்ச் சேர முடியும் என்ற ஒரு தீவு மைதானம் உண்டு, பெயர் ஈல் ஓ செர்ஃப், வடிவமைத்தவர் பெர்ன்ஹார்ட் லாங்கர். நாட்டின் பணத்தாளில் தமிழ் எழுத்து இருப்பதைப் பார்க்கவே ஒருமுறை போகலாம் என்பது என் தம்பியின் கட்சி. செலவைக் குறைக்க விரும்புகிறவர்களுக்கு இலங்கை இருக்கிறது. திருச்சியிலிருந்து கொழும்புக்கு விமானம் ஏறி அமர்ந்து காபி குடித்து முடிப்பதற்குள் இறக்கிவிடுவார்கள். 1879-இல் தொடங்கிய கொழும்புக் கோல்ஃப் கிளப்பின் மைதானத்துக்குக் குறுக்கே ரயில் தண்டவாளமே போகிறது.

எங்களுக்கு வாய்த்த காலம் தைப்பூசம் முடிந்த மறுவாரம். ஆகவே லங்காவி என்று முடிவாயிற்று. அதற்கு வேறு வசதிகளும் இருந்தன. திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு நேரடி விமானம், ஏறக்குறைய நான்கு மணி நேரம். அங்கிருந்து லங்காவிக்கு ஒரு மணி நேரம். 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்கள் விசா இல்லாமல் முப்பது நாள் தங்கலாம் என்பதால் அந்த அலைச்சலும் இல்லை.

லங்காவிக்குப் போவதற்கு முன் ஹுவா ஹின்னைப் பற்றிச் சில வரிகள் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் கடலோரக் கோல்ஃபில் நான் படித்த பள்ளிக்கூடம் அதுதான். பாங்காக்கிலிருந்து சுமார் இருநூறு கிலோமீட்டர் தெற்கே உள்ள அந்த ஊரில், ரயில் நிலையத்தை ஒட்டியே ராயல் ஹுவா ஹின் மைதானம் இருக்கிறது. ஸ்காட்லாந்திலிருந்து வந்த ஒரு ரயில்வே பொறியாளர் வரைந்துகொடுக்க, 1924-இல் திறந்த அதுதான் தாய்லாந்தின் மிகப் பழைய பதினெட்டுக் குழி மைதானம். அதே ஊரில் மன்னர் பிரஜாதிபோக் கட்டிய கோடை அரண்மனைக்குக் கிளை கங்வோன் என்று பெயர். கவலைக்கு அப்பால் என்று பொருள். 1932 ஜூனில் பாங்காக்கில் புரட்சி நடந்து, முழு முடியாட்சி முடிந்துபோன செய்தி, அந்த ஊரில் மன்னர் கோல்ஃப் ஆடிக்கொண்டிருக்கும்போதுதான் அவருக்கு வந்தது என்று சொல்லுவார்கள்.

தாய்லாந்து மைதானங்களில் ஆளுக்கு ஒரு கேடி (மட்டைப் பையைக் கொண்டுவந்து உதவுபவர்) கட்டாயம், பெரும்பாலும் பெண்கள். எனக்கு வாய்த்தவர் நாற்பது வயதிருக்கும். வெயிலுக்காகக் கண் மட்டும் தெரியும்படி துணியால் முகத்தைச் சுற்றி, அதன்மேல் அகன்ற தொப்பி அணிந்திருந்தார். நம் ஊரில் நாற்று நடப் போகிறவர்களின் சாயல். எனக்குத் தாய் மொழி தெரியாது. அவருக்கு ஆங்கிலம் பத்துச் சொல் தெரிந்திருக்கலாம். முதல் இரண்டு குழியில் நான் கேட்ட மட்டையைக் கொடுத்தார். மூன்றாவதில் நான் ஏழாம் எண் அயர்னை, அதாவது இரும்பு மட்டையை, கேட்க, அவர் இன்னும் தூரம் அடிக்கும் ஐந்தை நீட்டினார். நான் தலையை அசைத்தேன். அவரும் அசைத்தார், மட்டை மாறவில்லை. சரி என்று வாங்கி அடித்தேன். பந்து கிரீனின், அதாவது குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையின், நடுவில் போய் நின்றது. அதற்குப் பிறகு பதினைந்து குழிகளுக்கும் நான் கேட்கவே இல்லை, கையை மட்டும் நீட்டினேன்.

அவர் அறிந்திருந்ததும் நான் அறியாததும் என்னவென்று பிற்பாடு கணக்குப் போட்டுப் பார்த்தேன். நான் அதற்கு முன் கடைசியாக விளையாடியது கோடைக்கானலில், 1895-இல் தொடங்கிய அந்தக் கிளப்பில். அங்கே உயரம் ஏறக்குறைய ஏழாயிரம் அடி. காற்று அடர்த்தி குறைவாக இருப்பதால் பந்து நூறு கெஜத்துக்கு ஏழெட்டு கெஜம் கூடவே பறக்கும். அந்தத் தூரத்தை என் கைத்திறன் என்று நான் வரவு வைத்துக்கொண்டிருந்தேன். கடல் மட்டத்துக்கு இறங்கியதும் மலை கொடுத்த அந்த இனாம் பற்றில் போய்விட்டது. அதோடு எதிர்க்காற்று. வெயில் ஏறித் தரை சூடாக ஆக, கடலிலிருந்து காற்று கிளம்பும். காலை எட்டு மணிக்கு இலை அசையாத இடத்தில் பதினோரு மணிக்குக் கொடி படபடக்கும். ஆகவே ஒரே குழிக்குக் காலையில் ஒரு மட்டை, நண்பகலில் வேறொரு மட்டை. இதைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளலாம், ஆனால் ஒருவர் மட்டையைக் கொடுக்காமல் தலையை அசைக்கும்போதுதான் புத்தியில் ஏறுகிறது.

இனி லங்காவி. தீவின் வடமேற்குக் கோடியில், மாட் சின்சாங் மலைக்குக் கீழே, மழைக்காட்டுக்கும் அந்தமான் கடலுக்கும் இடையில் அமைந்திருக்கிறது எல்ஸ் கிளப் தெலுக் டத்தாய். தென்னாப்பிரிக்க ஆட்டக்காரர் எர்னி எல்ஸ் புதிதாக வடிவமைத்தது. பார் (தேர்ந்த ஆட்டக்காரருக்கு முழு ஆட்டத்துக்கும் ஆகும் என்று வைத்திருக்கும் அடிக் கணக்கு) எழுபத்திரண்டு. இதில் பெரிய வியப்பு, மணற்குழி ஒன்றுகூடக் கிடையாது என்பது. கோல்ஃப் என்றாலே பங்கரில் விழுந்து மணலை வாரி இறைப்பதுதான் என்று நினைக்கும் என்னைப் போன்றவர்களுக்கு இது சொர்க்கம் என்று தோன்றும். காட்டு மழை அடிக்கும் அடியில் மணல் நிற்காது, அரித்துப் போய்விடும் என்பதால்தான் அதை விட்டுவிட்டார்களாம். சொர்க்கம் முதல் குழி வரைதான். மணலுக்குப் பதிலாகக் காடே இரண்டு பக்கமும் காவல் நிற்கிறது, குறுக்கே ஓடைகள் வேறு. பங்கரில் விழுந்த பந்தையாவது கண்ணால் பார்க்கலாம். அந்தக் காட்டுக்குள் போன பந்து போனதுதான். 2019-இல் விதி மாறியதிலிருந்து பந்தைத் தேட மூன்று நிமிடத்துக்கு மேல் அனுமதியும் இல்லை. முன்பு ஐந்து நிமிடம் இருந்தது.

மலேசியக் கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி முன்னால் ஓடுகிறது. ஆனால் லங்காவியில் பிப்ரவரி மாதத்தில் சூரியன் உதிக்கவே ஏழரை ஆகிவிடுகிறது. ஊர்ப் பழக்கத்தில் நான் ஐந்தரைக்கு எழுந்து இருட்டில் உட்கார்ந்திருந்தேன். முதல் குழுவாக இறங்கும்போது புல்லெல்லாம் நனைந்து, காட்டிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது. இருவாச்சி ஒன்று தலைக்கு மேலே பறந்தபோது கேட்ட இறக்கை ஓசை, பழைய வீட்டில் பங்கா இழுப்பது போல இருந்தது. பத்து நிமிடத்துக்குள் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. எங்கள் ஊர் வெயில் காய்ச்சி எடுக்கும் வெயில், வியர்வை வந்தவுடன் உலர்ந்துவிடும். அங்கே வியர்வை வந்து நின்றுகொண்டே இருக்கிறது. கையுறை நனைந்ததும் மட்டை பிடியில் நழுவும். நான் மூன்று கையுறை கொண்டுபோய், ஆறு குழிக்கு ஒன்று என மாற்றி, கழற்றியதை வண்டியின் கம்பியில் காயப்போட்டேன். இந்த ஒரு சிறு ஏற்பாடு இரண்டு மூன்று அடியை மிச்சப்படுத்தியிருக்கும் என்று உறுதியாகச் சொல்வேன். தம்பி, மோரில் உப்புப் போட்டுக் குடிக்கும் நம் வழக்கத்தை அங்கே தேடி, கிடைக்காமல், ஒவ்வொரு மூன்று குழிக்கும் இளநீர் வாங்கிக் குடித்தான்.

புல்லைப் பற்றியும் ஒரு சொல். வெப்பமண்டலக் கடற்கரை மைதானங்கள் பலவற்றில் பாஸ்பாலம் என்ற கடற்கரைப் புல்லை வளர்க்கிறார்கள். உப்புக் கலந்த நீரையும் தாங்கும் என்பதே அதன் சிறப்பு. நல்ல தண்ணீரை ஊற்றிப் புல் வளர்ப்பது எனக்கு எப்போதுமே உறுத்தும். ஊருணித் தண்ணீரைக் குடத்தில் எண்ணி எடுத்த ஊரில் பிறந்தவன். உப்புத் தண்ணீரில் புல் நிற்கிறது என்று தெரிந்தபோது அந்த உறுத்தல் முழுதும் போகாவிட்டாலும், கொஞ்சம் தணிந்தது.

இரண்டாம் ஆட்டத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். தம்பி அடித்த மிக நல்ல அடி, ஃபேர்வே என்ற வெட்டிய புல்பாதையின் நடுவில், கிரீனுக்கு நூறு கெஜம் முன்னால் நின்றது. நாங்கள் வண்டியில் நெருங்குவதற்குள் காட்டிலிருந்து ஒரு குரங்கு இறங்கி வந்து, பந்தை எடுத்து, கடித்துப் பார்த்து, சுவை பிடிக்காமலோ பிடித்தோ, அதையும் கொண்டு மரத்தில் ஏறிவிட்டது. பிள்ளையார்பட்டிக் கோயில் வாசலில் தேங்காய் மூடியைப் பறிகொடுத்தவன் போல நின்றான் தம்பி. விதியில் இதற்கு இடம் இருக்கிறது: நின்றுகொண்டிருக்கும் பந்தை விலங்கு நகர்த்தினால், நகர்த்தியது உறுதியாகத் தெரிந்தால், அபராதமில்லாமல் பழைய இடத்திலேயே வைத்து ஆடலாம், பந்து திரும்பக் கிடைக்காவிட்டால் வேறு பந்து வைக்கலாம். வேறு பந்து வைத்தான். அடுத்த அடி நேராக ஓடையில் விழுந்தது. அதற்கும் குரங்குதான் காரணம் என்று இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறான்.

அன்று பிற்பகல் மழைக்காலம் இல்லையென்றாலும் மலைக்குப் பின்னால் கறுத்துக்கொண்டு வந்தது. ஒரே நீண்ட சங்கொலி கேட்டது. ஒரே நீண்ட ஒலி என்றால் இருந்த இடத்தில், அப்போதே நிறுத்திவிட வேண்டும் என்று பொருள். விட்டு விட்டு மூன்று முறை ஒலித்தால் ஆடிக்கொண்டிருக்கும் குழியை முடித்துக்கொள்ளலாம். இரண்டு குறுகிய ஒலி வந்தால் மீண்டும் தொடங்கலாம். இடி மின்னலில் திறந்தவெளியில் இரும்பு மட்டையைத் தூக்கி நிற்பவனைவிட நல்ல இலக்கு வேறில்லை. என் சம்பந்தியோ கிரீனில் நான்கு அடி தூரத்துப் பந்தின்மேல் குனிந்துகொண்டிருந்தார். "இதை மட்டும் போட்டுட்டு வந்துடறேன்" என்றார். வேறு யாராயிருந்தாலும் கையைப் பிடித்து இழுத்திருப்பேன். சம்பந்தியை எப்படி இழுப்பது? "சம்பந்தி, வீட்டில் பிள்ளைங்க கேட்டால் நான்தான் பதில் சொல்லணும், வாங்க" என்று மெல்லச் சொன்னேன். வந்தார். நாற்பது நிமிடம் கொட்டகையில் உட்கார்ந்து, ஆச்சி டப்பாவில் போட்டுக் கொடுத்த சீப்புச் சீடையைத் தின்றுகொண்டு மழையைப் பார்த்தோம். அந்த நாற்பது நிமிடத்தில் பேசிய அளவுக்கு, கல்யாணம் பேசி முடித்த பத்து ஆண்டில் நாங்கள் பேசியதில்லை.

இங்கேதான் கணக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோல்ஃப் ஆட்டத்தில் நடுவர் பக்கத்தில் நிற்பதில்லை. தன் அடியைத் தானே எண்ணிச் சொல்ல வேண்டும். உடன் ஆடுபவர் அதைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுவார், அவருக்கு மார்க்கர் என்று பெயர். எங்கள் முன்னோர்கள் கடல் கடந்த கடைகளில் பெட்டியடியில், அதாவது பணப்பெட்டி முன்னால், உட்கார்ந்து நாள்வழி எழுதி, பேரேட்டில் ஏற்றி, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை ஐந்தொகை (இருப்புநிலைக் கணக்கு) எடுத்து முதலாளிக்கு அனுப்பிய முறைக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு எனக்குத் தெரியவில்லை. ஆயிரம் மைலுக்கு அப்பால் இருக்கும் முதலாளியும் காட்டுக்குள் நடந்ததைப் பார்க்கவில்லை. ஆள் எழுதியதுதான் கணக்கு. இந்த ஆட்டம் எனக்குப் பிடித்துப்போனதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

மூன்றாவது ஆட்டத்தில் சம்பந்திக்கு நான் மார்க்கர். பதினோராம் குழியில் அவர் பந்து வலப்பக்கம் காட்டோரத்தில் நுழைந்தது. தேட நானும் வருகிறேன் என்றேன், வேண்டாம் என்று கையமர்த்திவிட்டு உள்ளே போனார். சிறிது நேரத்தில் பந்தை அடிக்கும் ஓசை கேட்டது. இன்னொரு முறையும் கேட்டது. பிறகு பந்து வெளியே வந்தது, பின்னாலேயே இலையைத் தட்டிக்கொண்டு சம்பந்தியும் வந்தார். குழி முடிந்ததும், "ஏழு" என்றார். என் எண்ணப்படி எட்டு. காட்டுக்குள் மட்டை எதன்மேல் பட்டது என்று நான் பார்க்கவில்லை. மரவேரில் பட்டிருக்கலாம், ஒத்திகையாக வீசியதாகவும் இருக்கலாம், ஒத்திகை வீச்சுக்குக் கணக்கில்லை. தம்பி என்னைப் பார்த்தான். நான் ஏழு என்று எழுதினேன். மகளைக் கொடுத்த இடத்தில் ஓர் அடிக்காக வாய் திறப்பதா? ஆனால் எழுதிய அந்த ஏழு, மீதி ஏழு குழிகளிலும் என் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது. முடிவில் அவருக்கு 101, எனக்கு 99, தம்பிக்கு 108.

செலவுக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ஐந்து நாளில் மூன்று ஆட்டம்தான் ஆடினோம். பயண ஏற்பாட்டாளர்கள் ஐந்து நாளுக்கு ஐந்து ஆட்டம், முடிந்தால் ஒரே நாளில் இரண்டு என்று கட்டித் தருவார்கள். அறுபதைத் தாண்டியவர்கள் அந்த வலையில் விழ வேண்டாம். அந்தப் புழுக்கத்தில் அடுத்தடுத்த நாள் ஆடினால் மூன்றாம் நாள் மட்டையைப் பிடிக்கவே மனம் வராது. நாங்கள் ஒருநாள் விட்டு ஒருநாள் ஆடியபோதெல்லாம் நன்றாக ஆடினோம், இடையில் வந்த நாள்களில் ஆச்சிமார்களோடு கேபிள் காரில் மலையேறிப் பார்த்தோம். மைதானக் கட்டணம் எங்கள் மொத்தச் செலவில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டவில்லை. விடுதியோடு சேர்த்து முன்பதிவு செய்தால் குறைகிறது. பிற்பகலில் தொடங்கினால் இன்னும் குறையும், ஆனால் மின்னலுக்கு முகம் கொடுக்க வேண்டியிருக்கும். இரண்டு ஆட்டத்துக்குத்தான் போகிறோம் என்றால் மட்டையை ஊரிலிருந்து சுமக்கவே வேண்டாம், அங்கேயே வாடகைக்கு எடுக்கலாம். பழகிய மட்டையில்லாமல் எனக்குக் கை ஓடாது என்பதால் நான் சுமந்தேன், அவ்வளவுதான்.

சாப்பாட்டில் எங்களுக்குக் குறையில்லை. காலையில் நாசி லெமாக், ரொட்டி சானாய், இரவில் மீன். எங்கள் வீட்டு ஆச்சி மட்டும் விடுதியின் மீன் குழம்பை ஒரு வாய் வைத்துப் பார்த்துவிட்டு, "மசாலாவைக் காட்டிட்டு எடுத்துட்டாங்க" என்று தீர்ப்புச் சொன்னார்.

லங்காவி, கெடா மாநிலத்தைச் சேர்ந்தது. கடாரம் என்று நம் கல்வெட்டுகளில் வரும் ஊரின் பெயரை இன்றைக்கும் சுமப்பது அந்த மாநிலந்தான். என் ஐயா, அதாவது தாத்தா, அந்த மாநிலத்து அலோர் ஸ்டாரில் பெட்டியடிப் பையனாகப் போய்ச் சேர்ந்து, அடுத்தாளாகி, பின் மேலாளாக இருந்தவர். நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறினால் பினாங்கில்தான் இறங்குவாராம். 1941 டிசம்பரில் ஜப்பானியர்கள் இறங்கியபோது அங்கே மாட்டிக்கொண்டு, 1946-இல்தான் ஊர் வந்தார். அத்தனை ஆண்டு கடலோரத்தில் இருந்தவர், கடலைப் பற்றி ஒரு சொல்லும் சொன்னதாக எனக்கு நினைவில்லை. கணக்கைப் பற்றியே பேசுவார். கடைசி நாள் குவாலா கெடாவுக்குப் படகேறி, அங்கிருந்து காரில் பினாங்கு போனோம். வழியில் அலோர் ஸ்டாரில் அந்தத் தெருவைத் தேடினோம். கடை இருந்த இடத்தில் கைப்பேசி விற்கிறார்கள். பினாங்கில் 1857-இல் கட்டிய நகரத்தார் தண்டாயுதபாணி கோயிலுக்குப் போய், காரைக்குடியில் செய்து 1894-இல் கப்பலில் வந்த வெள்ளி ரதத்தைப் பற்றிக் கோயிலில் இருந்தவர் சொல்லக் கேட்டுக்கொண்டு, அர்ச்சனை செய்துவிட்டு வந்தோம். கோயில் முன்மண்டபத்தில் உட்கார்ந்திருந்தபோது சம்பந்தி வெகுநேரம் பேசாமல் இருந்தார்.

மட்டைகள் பத்திரமாகவே வந்து சேர்ந்தன. ஒட்டடைக் கம்பின் முனை மட்டும் நசுங்கியிருந்தது. திருச்சியில் இறங்கி ஊருக்கு வரும் வழியில், புதுக்கோட்டை தாண்டி ஒரு கடையில் காபிக்கு நிறுத்தினோம். ஆச்சிமார்கள் வண்டியிலேயே தூங்கிக்கொண்டிருந்தார்கள். சம்பந்தி கண்ணாடிக் குவளையைக் கையில் உருட்டிக்கொண்டே, "அந்தத் தாள் உங்ககிட்டத்தானே இருக்கு?" என்று கேட்டார். சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். பதினோராம் குழிக் கட்டத்தை விரலால் தொட்டுக் காட்டி, "வேரில் ஒண்ணு பட்டுச்சு. எட்டுன்னு போடுங்க சம்பந்தி" என்றார். கடைக்காரரிடம் பேனா வாங்கி, ஏழை அடித்து எட்டாக்கி, கீழே 101-ஐ 102 என்று திருத்தி, பக்கத்தில் நான் சுருக்கொப்பம் போட்டேன். அவரும் போட்டார்.